சாம்பற்பெண்ணும் விண்மீன் இரசிகர்களும்: சிண்டரெல்லாக் கதையின் ஒரு மறுகூறல் குறித்த வரலாற்று நோக்கு

1. முன்னுரை

நாட்டார் கதைகள் பற்றிய வகுப்பில் மாணவர்களிடம் நாம் வழக்கமாக இரண்டு வினாக்களை எழுப்புவதுண்டு. சிண்டரெல்லாவுக்கு விழா ஆடையைத் தந்தவர் யார் என்பது முதல் வினா. ‘தேவதை’ என்ற விடை தயங்காமல் வரும். நம் நாட்டுப் பிள்ளைகள் மலாய்மொழிப் பாடத்தில் படித்தறிந்த ‘பாவாங் பூத்தே பாவாங் மேரா’ கதையில், சிற்றன்னையின் கொடுமைக்கு ஆளான மகளுக்குத் துணைநின்றது எது என்பது இரண்டாம் வினா. ‘மீன்’ என்பார்கள். அந்த மீன் யார் என்று கேட்டால், ‘இறந்துபோன அம்மா’ என்று ஒரு குரலாவது சொல்லும். இவ்விரண்டும் ஒரே கதைக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று கூறும்போது வகுப்பில் எழும் வியப்பு ஒவ்வொரு முறையும் எமக்குப் புதிதாகவே இருக்கிறது. ஒரு கதையில் துணை, முன்பின் அறியாத தேவதையிடமிருந்து வருகிறது. மற்றொன்றில் அது பெற்ற தாயிடமிருந்தே வருகிறது. இவ்வேறுபாடு எளிதாகத் தள்ளிவிடக்கூடியது அன்று.

இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு, அமெரிக்க எழுத்தாளர் ஆஷ்லி போஸ்டன் எழுதி, பிலடெல்பியாவின் குவிர்க் புக்ஸ் பதிப்பகம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கீக்கரெல்லா’ என்னும் இளையோர் நாவலை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. சிண்டரெல்லாக் கதையை அறிவியல் புனைகதை இரசிகர்களின் உலகில் வைத்துக் கூறும் காதற்கதை இது. விற்பனைக்காக எழுதப்பட்ட பொழுதுபோக்கு நாவல் என்று இதனை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், கதையின் நீண்ட வரலாற்றையும் இரசிகர் உலகின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, இந்நாவல் இரண்டு பழைய வினாக்களுக்கு விடை காண முயல்வது தெளிவாகிறது. கொடை யாரிடமிருந்து வருகிறது? தகுதியை அளப்பவர் யார்? முதல் வினாவுக்கு நாவல் தரும் விடை நம்மை மகிழ்விக்கிறது. இரண்டாம் வினாவுக்குத் தரும் விடை நம்மைச் சிந்திக்க வைக்கிறது. இதுவே இக்கட்டுரையின் மையக்கருத்தாகும்.

2. கொடை யாருடையது?

சிண்டரெல்லாக் கதையின் தொடக்கத்தைத் தேடுவோர் பொதுவாகக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோவிடம் செல்வர். ரொடோபிஸ் என்னும் பெண்ணின் செருப்பைக் கழுகொன்று கவர்ந்து சென்று மெம்பிஸ் நகரில் எகிப்து மன்னனின் மடியில் போட, அவன் அதற்குரியவளைத் தேடிக் கண்டு மணந்தான் என்று அவர் குறித்துள்ளார். இங்குக் காலணி உண்டு, மன்னன் உண்டு. ஆயினும் சிற்றன்னையும் இல்லை, துணை செய்வோரும் இல்லை.

கதையின் முழு உருவத்தை நாம் முதலில் காண்பது சீனத்தில்தான். தாங் அரசமரபுக் காலத்து அறிஞர் துவான் செங்ஷி, ஒன்பதாம் நூற்றாண்டில் தாம் தொகுத்த ‘யூயாங் ட்சாட்சூ’ என்னும் நூலில் யே சியென் என்னும் பெண்ணின் கதையைப் பதிவு செய்துள்ளார். தென்சீனப் பகுதியைச் சேர்ந்த தம் பணியாளர் ஒருவரிடமிருந்து இதனைக் கேட்டதாகவும் அவர் குறிப்பிடுகிறார். தாயும் தந்தையும் இறந்தபின் சிற்றன்னையிடம் துன்புறும் யே சியென் ஒரு மீனை வளர்க்கிறாள். சிற்றன்னை அம்மீனைக் கொன்று உண்கிறாள். ஒளித்துவைக்கப்பட்ட அதன் எலும்புகளே பின்னர்ப் பெண்ணின் வேண்டுதலைக் கேட்டு ஆடையும் பொற்காலணியும் தருகின்றன. இக்கதையைப் படிக்கும் மலேசிய வாசகருக்கு ‘பாவாங் பூத்தே பாவாங் மேரா’ நினைவுக்கு வராமல் இராது. அங்கும் மீன் கொல்லப்படுகிறது. அதன் எலும்புகள் புதைக்கப்பட்ட இடத்தில் மரம் வளர்கிறது. அம்மரத்து ஊஞ்சல் நல்ல மகளின் பாட்டுக்கு மட்டுமே அசைகிறது. காலணி செய்யும் வேலையை இங்கே ஊஞ்சல் செய்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

ஐரோப்பாவில் ஜாம்பத்திஸ்தா பசிலே என்னும் நேப்பிள்ஸ் எழுத்தாளரின் கதைத்தொகுதி, அவர் மறைந்தபின் 1634 முதல் 1636 வரை வெளிவந்தது. அதில் இக்கதையின் நாயகி செசொல்லா. தேவதைகள் தந்தையின் வழியாக அனுப்பிய பேரீச்சங்கன்றை நட்டு, நீரூற்றி, தன் கையால் வளர்த்தே அவள் நலம் பெறுகிறாள். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட வடிவத்தில் தாயின் கல்லறைமீது நட்ட மரம் ஆடைகளைத் தருகிறது. ஆக, மீன் எலும்பாயினும் கல்லறை மரமாயினும், பழைய வடிவங்கள் பலவற்றில் துணை என்பது புதைக்கப்பட்ட ஒன்றிலிருந்து முளைப்பது. பெண்ணின் பராமரிப்பாலும் கண்ணீராலும் வளர்வது.

இந்நிலையை மாற்றியவர் பிரான்சின் சார்ல் பெரோ. அவர் 1697இல் வெளியிட்ட கதைத்தொகுதியில்தான் பூசணிக்காய் வண்டியும், எலிகள் குதிரைகளாவதும், கண்ணாடிக் காலணியும், ஞானத்தாயாகிய தேவதையும் இன்று நாம் அறிந்த வடிவில் ஒருங்கே அமைந்தன. பதினான்காம் லூயியின் அரசவைச் சூழலில் வாழ்ந்த பெரோவுக்கு, ஒருவர் உயர்வதற்குச் செல்வாக்குள்ள ஞானத்தாயோ ஞானத்தந்தையோ வேண்டும் என்பது நன்கு தெரிந்திருந்தது. கதையின் இறுதியில் அவர் சேர்த்த நீதியுரைகளுள் ஒன்று இதனையே எள்ளலோடு சுட்டுகிறது. கல்லறை மறைந்தது, பரிந்துரை வந்தது. வால்ட் டிஸ்னி நிறுவனம் 1950இல் வெளியிட்ட அசைவூட்டத் திரைப்படம் பெரோவின் வடிவத்தையே பின்பற்றியதால், உலகெங்கும் பிள்ளைகளின் மனத்தில் தேவதையே நிலைபெற்றாள். எமது மாணவர்களின் முதல் விடைக்குக் காரணம் இதுவே.

இதற்கிடையில் கதையின் பரப்பை அறிஞர்கள் அளந்தனர். மரியன் ரோல்ஃப் காக்ஸ் 1893இல் இக்கதையின் 345 வடிவங்களைத் தொகுத்தார். சுவீடன் நாட்டு ஆய்வாளர் அன்னா பிர்கித்தா ரூத் 1951இல் இக்கதைச் சுற்றின் பரவலை விரிவாக ஆராய்ந்தார். கதைவகை அடைவில் இது 510 என்னும் எண்ணைப் பெற்றுள்ளது. ஆலன் டண்டஸ் 1982இல் தொகுத்த நூலில், ஏ. கே. இராமானுஜன் ‘ஹஞ்சி’ என்னும் கன்னட வடிவத்தை அறிமுகப்படுத்தி ஆராய்ந்துள்ளார். மண்ணால் செய்த முகமூடியணிந்து தன்னை மறைத்துக்கொள்ளும் பெண்ணின் கதை அது. அதில் காலணிக்கு இடமில்லை. அவள் சமைக்கும் உணவே சிறப்பிடம் பெறுகிறது. ஒவ்வொரு சமூகமும் தான் மதிக்கும் ஒன்றையே தகுதியின் அடையாளமாகக் கதையில் வைக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. அவ்வாறாயின், இரசிகர் உலகம் எதனை வைக்கும்? இவ்வினாவுக்கு விடை காண, அவ்வுலகம் உருவான வரலாற்றைச் சுருக்கமாகவேனும் அறிதல் வேண்டும்.

3. இரசிகர் உலகமும் அதன் சாம்பற்பெண்களும்

தமிழில் ‘இரசிகர்’ என்னும் சொல் சுவையை உணரும் திறனுடையவரைக் குறிக்கும். அதற்கு ஈடாக ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஃபேன்’ என்னும் சொல்லோ வெறியர் என்னும் பொருளுடைய சொல்லின் குறுக்கம். ‘கீக்’ என்பதும் அத்தகையதே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கேளிக்கைக் கூடாரங்களில் அருவருப்பான வித்தைகள் செய்து காட்டியவரை அது குறித்தது. பின்னர்க் கணினியிலும் அறிவியல் புனைகதையிலும் மூழ்கிக் கிடப்போரை ஏளனம் செய்யும் சொல்லாயிற்று. ஏளனத்துக்கு உள்ளானோரே அதனைத் தம் பெருமைப் பெயராக ஏற்றுக்கொண்டனர். ‘சாம்பற்பெண்’ என்று பிறர் இட்ட வசைப்பெயரே கதையின் தலைப்பாக நிலைத்ததோடு இதனை ஒப்பிடலாம். போஸ்டன் இவ்விரு பெயர்களையும் ஒட்டவைத்துத் தம் நாவலுக்குத் தலைப்பிட்டது பொருத்தமே.

ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 1926இல் தொடங்கிய ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ இதழ், வாசகர் கடிதங்களை முகவரியுடன் வெளியிட்டது. அம்முகவரிகளைக் கொண்டு வாசகர்கள் தங்களுக்குள் கடிதம் எழுதிக்கொண்டனர். 1930இல் ‘தி காமெட்’ என்னும் இரசிகர் இதழ் தோன்றியது. 1939 ஜூலையில் நியூயார்க் நகரில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடைபெற்றது. அம்மாநாட்டுக்கு இருவர் எதிர்கால மனிதரைப் போல் உடையணிந்து வந்தனர். ஒருவர் ஃபாரஸ்ட் ஆக்கர்மன். மற்றவர் ‘மொரோஜோ’ என்னும் புனைபெயரால் அறியப்பட்ட மிர்ட்டில் டக்ளஸ். பின்னாளில் ‘காஸ்பிளே’ என்று பெயர் பெற்ற வேடப்புனைவு வழக்கத்தின் தொடக்கமாக இதனைக் கொள்வர். இரசிகர் உலகின் நினைவுகளில் நெடுங்காலம் முன்னிறுத்தப்பட்டவர் ஆக்கர்மனே. ஆனால், அவ்விரு உடைகளையும் வடிவமைத்துத் தைத்தவர் மொரோஜோ. இருவரும் இணைந்து இரசிகர் இதழொன்றையும் நடத்தினர்.

‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடர் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பானது. இரண்டாம் பருவத்தோடு அது நிறுத்தப்படும் என்ற நிலை தோன்றியபோது, பிஜோ டிரிம்பிளும் அவர் கணவர் ஜானும் முன்னின்று நடத்திய கடித இயக்கம் தொலைக்காட்சி நிறுவனத்தை அசைத்தது. 1968 மார்ச்சில், தொடர் நீடிக்கும் என்று ஒளிபரப்பிலேயே அறிவிக்கப்பட்டது. அத்தொடருக்கென வெளிவந்த முதல் இரசிகர் இதழான ‘ஸ்பாக்கனாலியா’ 1967இல் தோன்றியது. அதன் ஆசிரியர்கள் இருவரும் பெண்கள். 1972 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த ஸ்டார் டிரெக் மாநாட்டுக்குச் சில நூறு பேர் வருவர் என்று எதிர்பார்த்திருக்க, 3000க்கும் மேற்பட்டோர் திரண்டனர். அம்மாநாட்டுப் பணியிலும் பெண்களின் பங்கு பெரிது. கமீல் பேக்கன்ஸ்மித், ஹென்றி ஜென்கின்ஸ் ஆகிய இருவரும் 1992இல் தனித்தனியே வெளியிட்ட நூல்கள் வழியாகவே, இரசிகர் கதையெழுத்தில் ஈடுபட்ட பெண்களின் உழைப்பு கல்வியுலகின் பரவலான கவனத்தைப் பெற்றது.

ஊதியமின்றி எழுதியும், தட்டச்சு செய்தும், தைத்தும், அஞ்சலுறைகளில் முகவரி எழுதியும் அவ்வுலகைக் கட்டியெழுப்பியவர்களுள் பெண்கள் பலர். ஆயினும் இரசிகர் உலகம் என்றவுடன் பொதுமக்கள் மனத்தில் எழுந்த உருவம் கண்ணாடி அணிந்த இளைஞனுடையதாகவே இருந்தது. விழாவுக்கான உடையைத் தைப்பவள் விழாவின் பதிவில் இடம்பெறாமல் போவது சிண்டரெல்லாக் கதையின் தொடக்கக் காட்சியன்றோ? பெண்களின் கற்பனையே அவ்வுலகுக்குள் நகைப்புக்கு உரியதாகவும் ஆனது. தொடரின் நாயகர்கள் அனைவரும் மயங்கும் பேரழகியாக ஓர் இளம்பெண்ணைப் படைக்கும் கதைகளைப் பகடி செய்து 1973இல் பாலா ஸ்மித் ஒரு சிறுகதை எழுதினார். அதன் நாயகியின் பெயரான ‘மேரி சூ’ விரைவில் வசைச்சொல்லாகி, பெண்கள் தங்களைக் கதைக்குள் எழுதிக்கொள்ளும் முயற்சிகள் பலவற்றின்மீதும் சுமத்தப்பட்டது. எழுதியவரும் ஒரு பெண் இரசிகரே என்பதும், அவர் நோக்கம் நகைச்சுவையே என்பதும் மறக்கப்பட்டன. இளவரசனைச் சந்திக்கும் சாம்பற்பெண்ணின் கனவை எழுத எந்த இளம் இரசிகைக்கும் அதன்பின் ஒரு தயக்கம் இருந்திருக்கும்.

4. ‘கீக்கரெல்லா’வில் நிகழும் மாற்றங்கள்

மேற்கூறிய பின்னணியில் போஸ்டனின் நாவல் தோன்றுகிறது. எல் விட்டிமர் என்னும் பெண் தென்கரோலைனாவின் சார்ல்ஸ்டன் நகரில் சிற்றன்னையுடனும் அவருடைய இரட்டை மகள்களுடனும் வாழ்கிறாள். ‘ஸ்டார்ஃபீல்ட்’ என்னும் பழைய அறிவியல் புனைகதைத் தொடர்மீது அவள் கொண்ட பற்று, மறைந்த தந்தையிடமிருந்து வந்தது. அத்தொடர் நாவலாசிரியரின் கற்பனையே. ‘எக்ஸெல்சிகான்’ என்னும் இரசிகர் மாநாட்டைத் தொடங்கியவரும் அத்தந்தையே. அத்தொடர் திரைப்படமாக்கப்படுகிறது. இளவரசன் கார்மிண்டோர் என்னும் பாத்திரத்தை ஏற்கும் இளம் நடிகன் டாரியன் ஃப்ரீமனை, எல் தன் வலைப்பதிவில் கடுமையாக விமரிசிக்கிறாள். மாநாட்டில் நடைபெறும் வேடப்புனைவுப் போட்டியில் வெல்வோருக்கு நடன விழாவில் நுழையவும் நடிகனைச் சந்திக்கவும் வாய்ப்பு உண்டு. எல் அதில் பங்கேற்க முடிவு செய்கிறாள்.

பெரோவின் பொருள்கள் ஒவ்வொன்றும் இங்கு உருமாறி நிற்கின்றன. பூசணிக்காய் வண்டி, ‘மேஜிக் பம்ப்கின்’ என்னும் நடமாடும் உணவு வண்டியாகிறது. எல் அதில் வேலை செய்து கூலி பெறுகிறாள். தேவதையின் இடத்தில் நிற்பவள் அவ்வண்டியில் உடன் பணியாற்றும் சேஜ் என்னும் தோழி. அவளிடம் மந்திரக்கோல் இல்லை. ஊசியும் நூலும் தையற்கலையும் உண்டு. பெரோவின் தேவதை ஒரு நொடியில் செய்ததை இவர்கள் பல நாள் உழைத்துச் செய்கிறார்கள். மொரோஜோவின் ஊசி கதைக்குள் திரும்பி வந்துள்ளது எனலாம். நாவலாசிரியர் அவரை நினைத்து இதனை எழுதினார் என்று நாம் கூறவில்லை. ஆனால், வேடப்புனைவு என்பது கடையில் வாங்கும் உடையன்று, கைவேலை என்னும் இரசிகர் மரபே இம்மாற்றத்துக்கு அடிப்படை என்பதில் ஐயமில்லை.

இதனினும் முதன்மையானது கொடையின் மூலம். போட்டிக்கென எல் எடுத்துக்கொள்வது தந்தை விட்டுச்சென்ற பழைய வேட உடையை. அவளும் டாரியனும் ஒருவரையொருவர் அறியாமலேயே நெருங்குவதற்குக் காரணமாவதும் தந்தையின் தொலைபேசி எண்ணே. மாநாட்டில் கலந்துகொள்வதைத் தவிர்க்க எண்ணி டாரியன் அனுப்பும் குறுஞ்செய்தி, மாநாட்டை நிறுவியவரின் பழைய எண்ணுக்குச் செல்கிறது. அவ்வெண் இப்போது மகளிடம் இருக்கிறது. இறந்தவரைத் தேடி வந்த செய்திக்கு உயிரோடிருப்பவள் விடை எழுதுகிறாள். யே சியென் ஒளித்துவைத்த மீன் எலும்புகளும் கிரிம் கதையின் கல்லறை மரமும் செய்த பணியை இத்தொலைபேசி செய்கிறது.

ஆகவே, தோற்றத்தில் பெரோவையும் டிஸ்னியையும் சார்ந்ததாகத் தெரியும் இந்நாவல், உள்ளமைப்பில் அவர்களுக்கு முந்திய வடிவத்திற்கே திரும்புகிறது என்பது எமது கருத்து. துணை வெளியிலிருந்து அருளப்படுவதில்லை, மரபுரிமையாக வருகிறது. அம்மரபுரிமை பொன்னோ வீடோ அன்று. ஒரு தொடரின்மீது தந்தை கொண்ட பற்று, அவர் மகளோடு அமர்ந்து பார்த்த மாலைப்பொழுதுகள், அவர் கட்டிய ஒரு கூட்டம் ஆகியவையே. 1960களின் இரசிகர்கள் பெற்றோராகி, தங்கள் விருப்பத்தைப் பிள்ளைகளுக்குக் கையளித்த தலைமுறையின் வரலாறு இதில் பதிந்துள்ளது. கீக் பண்பாடு வரலாறற்ற நுகர்வுப் பண்பாடு என்போருக்கு இதுவே தக்க மறுமொழியாகும். தாத்தாவும் தந்தையும் பாடிய பாடலைப் பேரன் பாடுவதை நாம் மரபு என்கிறோம். தந்தை தைத்து அணிந்த விண்வெளிச் சட்டையை மகள் பிரித்துத் தைத்து அணிவதை வேறு எப்பெயரால் அழைப்பது?

5. காலணி என்னும் தேர்வு

இனி, இரண்டாம் வினாவுக்கு வருவோம். காலணியை நாம் பெரும்பாலும் அன்பின் சின்னமாகக் காண்கிறோம். உண்மையில் அது ஒரு தேர்வுக் கருவி. கிரிம் கதையில் மூத்தவர்கள் அதில் நுழைவதற்காகத் தங்கள் கால்விரலையும் குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள். தகுதியை அளக்கும் கருவி எத்துணைக் கொடியது என்பதைக் கதை மறைக்கவில்லை. அமெரிக்க எழுத்தாளர் மரிஸ்ஸா மேயர் 2012இல் வெளியிட்ட ‘சிண்டர்’ நாவல் இதனை வேறுவகையில் கையாள்கிறது. எதிர்காலப் பெய்ஜிங்கில் வாழும் அதன் நாயகி பாதி மனிதர், பாதி எந்திரம். அவளிடமிருந்து கழன்று விழுவது காலணி அன்று, எந்திரக் கால். ஜப்பானிய அசைவூட்டத் தொடரான ‘சேலர் மூன்’ குறித்து இரசிகர் கதைகள் எழுதிப் பழகியவரே மேயரும். இரசிகர் எழுத்து எள்ளி நகையாடப்பட்ட காலம் மாறி, அதில் பயின்றவர்கள் நாவலாசிரியர்களான தலைமுறை இது.

இரசிகர் உலகில் காலணிக்கு ஈடாக நின்றது அறிவு. எந்தப் பகுதியில் எந்தப் பாத்திரம் என்ன செய்தது என்பதை அறிந்தவரே உண்மையான இரசிகர் என்னும் அளவுகோல் நெடுங்காலமாக வழங்கியது. 2010களின் தொடக்கத்தில், மாநாடுகளுக்கு வேடமணிந்து வந்த பெண்களைப் ‘போலி கீக்’ என்று குற்றஞ்சாட்டி, வினாக்கள் தொடுத்துச் சோதிக்கும் போக்கு வெளிப்படையாகி, பெருஞ்சர்ச்சையாக வளர்ந்தது. பெண்ணின் பாதத்தை அளந்த கை இப்போது அவள் நினைவாற்றலை அளந்தது. தம் முன்னோடிகள் தைத்தும் எழுதியும் கட்டிய மண்டபத்தின் வாயிலில், நுழைவுரிமைக்குச் சான்று காட்டுமாறு பெண்கள் கேட்கப்பட்டனர்.

அச்சர்ச்சைக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த ‘கீக்கரெல்லா’, எவராலும் ஐயுறமுடியாத அறிவுடைய இரசிகையை நாயகியாக்கியது. எத்தேர்வு வைத்தாலும் எல் வெல்வாள். வாசிக்கும் இளம்பெண்களுக்கு இது பெரும் ஆறுதல். நாவல் மற்றொன்றையும் செய்கிறது. அழகையும் புகழையும் விற்கும் நடிகனாகப் பிறர் கருதும் டாரியனும் உள்ளத்தில் ஸ்டார்ஃபீல்டின் இரசிகனே. எல்லின் வலைப்பதிவு அவனைப் போலி என்று கருதியது; அக்கருத்து தவறென நாவல் காட்டுகிறது. சோதிக்கப்படும் பெண்ணே சோதிப்பவளாகவும் இருக்கிறாள் என்பதை ஒப்புக்கொள்ளும் நேர்மை இதில் உண்டு. பெரோவின் சிண்டரெல்லாவுக்குத் திருத்திக்கொள்ள வேண்டிய குறை ஏதும் இருக்கவில்லை, எல்லுக்கு இருக்கிறது.

ஆயினும் இந்த நேர்மை முழுமை பெறவில்லை என்றே நாம் கருதுகிறோம். இளவரசனுக்குக் கிடைத்த மறுபரிசீலனை சிற்றன்னையின் மகள்களுக்கு அவ்வளவாகக் கிடைக்கவில்லை. அவர்கள் செய்யும் கொடுமைகள் பல. அவற்றோடு, தொடரை அறியாமலேயே நடிகனுக்காகப் போட்டியில் நுழைகிறார்கள் என்பதும் அவர்களின் குற்றமாகத் தொனிக்கிறது. இருவருள் ஒருத்தி இறுதியில் எல்லின் பக்கம் சாய்கிறாள் என்பது உண்மையே. ஆனால், அறியாதவளுக்கும் விழாவில் இடமுண்டா என்னும் வினாவை நாவல் கேட்கவில்லை. உண்மை இரசிகை, போலி இரசிகை என்னும் பிரிவு அப்படியே நிற்கிறது. கதவின் பூட்டு உடைக்கப்படவில்லை. சாவி வேறு கைக்கு மாறியிருக்கிறது. விரலை வெட்டிக்கொண்ட அந்த இரு பெண்களை நினைத்து எவரும் வருந்தாத பழைய கதையின் எல்லையை இந்தப் புதிய கதையும் முற்றிலும் கடந்துவிடவில்லை.

இக்குறை இந்நாவலுக்கு மட்டும் உரியதன்று. சிண்டரெல்லாக் கதையின் இன்பம், உரியவள் ஒருத்தியே என்று இறுதியில் உறுதிப்படுவதில் அடங்கியுள்ளது. ஒரு கூட்டத்தின் இன்பமோ, வருபவர் எவராயினும் சேர்த்துக்கொள்வதில் அடங்கியுள்ளது. ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கும் கதையைப் பலரைச் சேர்க்கும் இடத்தில் வைத்துச் சொல்லும்போது உரசல் எழுவது இயல்பே. போஸ்டன் இதே மாநாட்டைக் களமாகக் கொண்டு 2019இலும் 2020இலும் மேலும் இரு நாவல்களை எழுதினார். ஒவ்வொன்றும் வேறு பழங்கதையை எடுத்துக்கொண்டு, வேறு பெண்ணை மையத்தில் வைக்கிறது. ஒரே மண்டபத்துக்குள் பல கதைகளுக்கு இடமளிப்பதன் வாயிலாக, ஒருத்திக்கே உரியது என்னும் நெருக்கடி ஓரளவு தளர்கிறது எனலாம்.

6. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ‘கீக்கரெல்லா’ இரண்டு வரலாறுகள் சந்திக்கும் இடமாக அமைந்துள்ளது என்பது புலனாகும். ஒன்று, ஓராயிரம் ஆண்டுக்கும் மேலாக எலும்பிலிருந்தும் மரத்திலிருந்தும் கொடை பெற்றுவந்த கதையின் வரலாறு. மற்றொன்று, தைத்தும் எழுதியும் ஓர் உலகைக் கட்டிய பின்னும் வாயிலில் நிறுத்தப்பட்ட பெண்களின் வரலாறு. கொடை இறந்த பெற்றோரிடமிருந்தே வருகிறது என்னும் தொன்மையான உண்மையை நாவல் மீட்டெடுக்கிறது. தகுதியை அளக்கும் வழக்கத்தை அது மாற்றி அமைக்கிறதே அன்றிக் கைவிடவில்லை.

இலக்கிய ஆசிரியர்களாகிய நமக்கு இதில் கற்க வேண்டியது உண்டு. மறுகூறல் ஒன்றைக் காணும்போது மூலத்திலிருந்து அது எவ்வளவு விலகியது என்று அளப்பதே நம் வழக்கம். ஆனால், சிண்டரெல்லாக் கதைக்கு மூலம் எது? பெரோவை மூலமாகக் கொண்டால் தந்தையின் தொலைபேசி ஒரு விலகல். யே சியெனை முன்னிறுத்தினால் பெரோவின் தேவதையே விலகல். விலகலை அளப்பதைவிட, கொடுப்பவர் யார், உழைப்பவர் யார், அளப்பவர் யார் என்று வினவுவதே பயன் தரும். அவ்வினாக்கள் நம் வகுப்பறைக்கும் பொருந்துவன. மாணவர் ஒருவர் தாம் விரும்பிப் படித்த நூலைத் தயக்கத்தோடு காட்டும்போது, அது இலக்கியமா என்று நாம் முதலில் கேட்கிறோம். நம் கையிலும் ஒரு காலணி இருக்கிறது என்பதை அவ்வேளையில் நாம் மறந்துவிடுகிறோம்.

முதல் வகுப்பில் ‘தேவதை’ என்று விடை சொன்ன மாணவர்கள், பருவத்தின் முடிவில் அவ்வினாவுக்கு விடை சொல்லச் சற்றுத் தயங்குகிறார்கள். எந்த நாட்டுக் கதையில், யார் சொன்ன வடிவத்தில் என்று திருப்பிக் கேட்கிறார்கள். அந்தத் தயக்கமே எமது பாடத்தின் பயன் என்று கருதுகிறோம்.